நனைந்த பத்திரத்தை மொட்டை மாடியில் காய வைக்காதீர்கள், ஃப்ரீசரில் வையுங்கள்

மழைத் தண்ணீரில் மூலப்பத்திரம், பட்டா, பழைய கணக்கு நோட்டு எது நனைந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களைப் பிரிக்காமல், கட்டுக் கட்டாக பட்டர் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்த வேலூர்க்காரர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஈரத் தாளில் பூஞ்சை பிடிக்க இரண்டு நாள் போதும், நம் ஊர் ஐப்பசி கார்த்திகைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, மையும் மேற்கொண்டு கசியாது, அதனால் பதறாமல் வசதிப்படும்போது ஒவ்வொரு கட்டாக எடுத்து, இளகியதும் மெதுவாகப் பிரித்து, நடுவில் அச்சடிக்காத வெள்ளைத் தாள் வைத்து (ஈரமானதும் மாற்ற வேண்டும்) அறைக்குள்ளேயே ஃபேன் காற்றில் காய வைக்கலாம். ஆவணக் காப்பகங்களிலும் நனைந்த ஆவணங்களுக்கு முதலில் செய்வது இதைத்தான். மாடி வெயிலில் போட்டால் தாள் சுருண்டு மொறமொறவென்று ஆகிவிடும், பழைய பேனா மையும் வெளுத்துப் போகும்.

நாலைந்து தாள்தான் நனைந்தது என்றால் ஃப்ரீசர் எதற்கு, நேராக ஃபேன் காற்றே போதும். பழைய காலத்துக் கண்ணாடி ஃபோட்டோ நெகட்டிவை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. அப்புறம், ஏற்கெனவே பூஞ்சை பிடித்த தாளில் குளிர் அதை நிறுத்தி வைக்குமே தவிர கொல்லாது, வெளியே எடுத்ததும் உடனே காய வைத்தாக வேண்டும்.