இடுப்பு வலி வந்தால் படுத்துவிடாதீர்கள்

தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனியும்போதோ, குளியலறையில் பக்கெட்டை நகர்த்தும்போதோ இடுப்பில் சுரீரென்று ஒரு பிடிப்பு ஏற்பட்டு, நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றுபோனவர்கள் நம் வீடுகளில் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020இல் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் கீழ் முதுகு வலியால் அவதிப்பட்டார்கள். மனிதர்களை முடக்கிப்போடும் உடல்நலக் குறைகளில் முதலிடம் இதற்குத்தான். இத்தனை பேரைப் பிடித்தாட்டும் ஒரு வலியைப் பற்றி நம்மிடையே நிலவும் நம்பிக்கைகள் பலவும் அதைத் தணிக்காமல் நீட்டித்துவிடுகின்றன என்பது வருத்தத்துக்குரியது.

கீழ் முதுகில் ஐந்து பெரிய முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு இடையில், எல்லோரும் ‘ஜவ்வு’ என்று சொல்லும் டிஸ்க் இருக்கிறது. இவற்றைச் சுற்றித் தசைகளும் தசைநார்களும் இறுகப் பிணைந்திருக்கின்றன. பக்கவாட்டுத் துளைகளின் வழியே கால்களுக்கான நரம்புகள் வெளியேறுகின்றன. வலி இவற்றில் எதிலிருந்தும் கிளம்பலாம். ஆனால், இடுப்பு வலியோடு மருத்துவரிடம் வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன உறுப்பில்தான் கோளாறு என்று எந்தப் பரிசோதனையாலும் அறுதியிட்டுக் கூற முடிவதில்லை. இது கேட்பதற்கு ஏமாற்றமாக இருந்தாலும் உண்மையில் நல்ல செய்தியே. இத்தகைய வலியில் பெரும்பாலானவை நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள் வெகுவாகத் தணிந்துவிடுகின்றன.

இருப்பினும், மீதமுள்ள சிலருக்கு ஏற்படும் வலி வேறு வகையானது என்பதால், வீட்டு வைத்தியத்தைத் தொடங்கும் முன் சில அறிகுறிகள் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்வது அவசியம். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலேயே கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வந்து செருப்பு நழுவுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். தண்டுவடத்தின் கீழ் முனையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கினால் இவ்வாறு நேரும். தாமதித்தால் இழந்த உணர்வு திரும்பாமலே போகலாம்.

மாலை நேரக் காய்ச்சல், பசியின்மை, காரணமில்லாத உடல் இளைப்பு ஆகியவற்றோடு முதுகில் ஓரிடத்தில் விடாத வலி இருந்தால், முதுகெலும்பைத் தாக்கும் காசநோயை மறந்துவிடக் கூடாது. நம் நாட்டில் இது அரிதானதல்ல. தக்க காலத்தில் மருந்து தொடங்கினால் குணமாகக் கூடியது. முன்பு புற்றுநோய் இருந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொண்டவர்கள், கீழே விழுந்த பிறகு வலி கண்ட முதியவர்கள் ஆகியோரும் தாமதமின்றி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இளம் வயதில் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்கும் மேலாக முதுகை விறைக்கவைத்து, நடமாடினால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுமானால், அது மூட்டுவாத வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கி, சிறுநீர் எரிச்சலோடு வரும் வலி சிறுநீரகக் கல்லால் ஏற்பட்டிருக்கக் கூடும்.

இவை எதுவும் இல்லையென்றால், உடனே ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு, 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்ததாகக் காட்டியது. அதாவது, ‘ஜவ்வு தேய்ந்துவிட்டது’ என்று அறிக்கையில் இருப்பது பல நேரங்களில் வயதைத்தான் சொல்கிறது, வலிக்கான காரணத்தை அல்ல. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, குனிவதையும் நடப்பதையும் ஆண்டுக்கணக்கில் நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேர்ந்த இழப்பு வலியைவிடப் பெரியது.

முதல் சில நாட்கள்

கட்டிலே கதியென்று கிடப்பதுதான் நம்மவர்கள் முதலில் செய்வது. ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1995இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிடவும், தனிப் பயிற்சி செய்தவர்களைவிடவும், வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் குணமடைந்தார்கள். ஆகவே, தாங்க முடியாத வலியென்றால் சில மணி நேரம் படுத்திருக்கலாம். மல்லாந்து படுப்பவர்கள் முழங்கால்களுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுப்பவர்கள் முழங்கால்களுக்கு இடையிலும் தலையணை வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும். அதற்கு மேல், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடமாவது நடக்க வேண்டும். வலி நாட்களில் வெறுந்தரையில்தான் படுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஸ்பெயினில் நடந்த ஆய்வில், கடினமான மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையே நல்ல பலன் தந்தது.

வலி மிகுந்த நாட்களில் படுக்கையிலிருந்து எழுவதே பெரும் பாடு. நேராக எழுந்து உட்கார முயலாமல், முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒருசேரத் திரும்புமாறு பக்கவாட்டில் புரளுங்கள். கால்களைக் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டே, கீழ்ப்பக்கத்து முழங்கையாலும் மேல்பக்கத்து உள்ளங்கையாலும் படுக்கையை அழுத்தி எழுந்தால், இறங்கும் கால்களின் எடையே உடலை மேலே தூக்கிவிடும். மூச்சைப் பிடிக்காமல், எழும்போது வெளியே விடுங்கள்.

பிடிப்புக்கு வெந்நீர் ஒத்தடமோ உப்பு ஒத்தடமோ நல்ல சுகம் தரும். இரண்டு கைப்பிடி கல்லுப்பை வாணலியில் வறுத்து, கெட்டியான பருத்தித் துணியில் முடிந்து, முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகே இடுப்பில் ஒற்ற வேண்டும். 15 நிமிடம் போதும். நொச்சி இலையையோ தவிட்டையோ வறுத்து ஒற்றுவதும் இதே வேலையைச் செய்கிறது. நீரிழிவினால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வேறொருவரைச் சூடு பார்க்கச் சொல்வது பாதுகாப்பானது. தைலத்தை இதமாகத் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால், சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி முதுகில் ஏறி மிதிப்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு அது எலும்பு முறிவில் முடியலாம்.

மாத்திரைகளைப் பொறுத்தவரை, பாராசிட்டமால் இடுப்பு வலியிலிருந்து குணமடையும் காலத்தைக் குறைக்கவில்லை என்று 1,600க்கும் மேற்பட்டோரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இபுபுரூஃபன், டைக்லோஃபினாக் போன்றவை ஓரளவு பலன் தரும் என்றாலும், குறைந்த அளவில், உணவுக்குப் பின், சில நாட்கள் மட்டுமே எடுக்க வேண்டியவை. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது. பெயரும் அளவும் தெரியாமல் காகித உறையில் போட்டுத் தரப்படும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். ஒரே நாளில் வலி பறந்தோடுவதைக் கண்டு மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினால், சர்க்கரை ஏறி, எலும்பும் மெலியும்.

வலி தணியத் தொடங்கியதும்

நடைப்பயிற்சியைவிட எளிய மருந்து எனக்குத் தெரிந்து இல்லை. இடுப்பு வலியிலிருந்து மீண்ட 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்புவதற்கான இடைவெளி 208 நாட்களாகவும், அவ்வாறு செய்யாதவர்களுக்கு 112 நாட்களாகவும் இருந்தது. முதல் வாரம் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு அரை மணி என்ற அளவை மெல்ல எட்டினால் போதும்.

அதனுடன் இரண்டு பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி, பிட்டத் தசைகளை இறுக்கி இடுப்பைத் தூக்கி, ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவது ஒன்று. தவழும் நிலையில், முதுகு சாயாமல், வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி நிறுத்தி, பிறகு மாற்றிச் செய்வது மற்றொன்று. பத்துப் பத்து முறை செய்யலாம். பயிற்சிக்குப் பின் இலேசாக வலி கூடி, மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. வலி இடுப்பிலிருந்து காலுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மட்டும் நிறுத்தி ஆலோசனை பெறுங்கள்.

நிறைகுடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்கும்போது, பொருளுக்கு மிக அருகில் சென்று, முழங்காலை மடக்கி, அதை வயிற்றோடு அணைத்துத் தூக்க வேண்டும். தூக்கியபடி இடுப்பைத் திருகாமல் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். எரிவாயு சிலிண்டர் முழுதாக ஏறத்தாழ 30 கிலோ எடை கொண்டது என்பதால், வலி உள்ளவர்கள் அதைத் தனியாகத் தூக்க வேண்டாம். நாற்று நடுபவர்களும் கணினி முன் அமர்பவர்களும் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் வைத்து, சில முறை பின்னோக்கி வளைய வேண்டும். வேலை வேறானாலும் இருவருக்கும் தேவை ஒன்றுதான்: ஒரே நிலையில் நெடுநேரம் இராமல் இருப்பது.

பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக முழங்காலுக்குக் கீழே மின்சாரம் பாய்வதுபோல் இறங்கும் வலி, நரம்பு அழுத்தத்தால் வருவது. பிதுங்கிய டிஸ்க் பெரும்பாலும் நாளடைவில் தானே சுருங்கிவிடுவதால், இவர்களிலும் பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. கால் பலவீனம் கூடும்போதும், மூன்று மாத சிகிச்சைக்குப் பிறகும் கால் வலி விடாமல், ஸ்கேன் முடிவு அந்த வலியோடு பொருந்தும்போதும் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம்.

ஆறு வாரம் கடந்தும் இடுப்பு வலி குறையவில்லையென்றால் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் செல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு இடுப்பு பெல்ட்டையும் இழுவை சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. ஆகவே, பொருத்தமான பயிற்சிகளைக் கற்றுத் தருமாறு நீங்களே கேளுங்கள். தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலை போய்விடுமோ என்ற பயம் ஆகியவையும் வலியைக் கூட்டும் என்பதால், அவற்றையும் கூச்சமின்றிச் சொல்லிவிடுங்கள். வெளியே சென்று வர இயலாதவர்கள் தமிழ்நாட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை அளிக்கிறார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.