பவளப்பாறையை மீட்கக் கடலில் பவளத் துண்டு நடப் போகிறீர்களா?

நடுவதற்கு ஆள் வந்துவிடும், நட்ட துண்டை மூடவரும் பாசியைத் தேய்க்கத்தான் யாரும் வரமாட்டார்கள். அதனால் எங்கள் குழுவில் சேர்பவர் கையில் முதலில் பல்துலக்கும் பிரஷ்ஷைத்தான் கொடுப்பேன்.

அனுமதி வாங்கிய பிறகே கடலில் இறங்குங்கள். அலையில் உடைந்து மணலில் கிடக்கும், இன்னும் உயிருள்ள மான்கொம்புப் பவளத் துண்டுகளை எடுங்கள்; விரல் நீளம் போதும். நுனியைத் தொடாதீர்கள், வளர்வது அங்கேதான். அடியைப் பாறையோடு இறுக்கிக் கட்டுங்கள். ஆடினால் ஒட்டாது. சுற்றிலும் பாசியைத் தேயுங்கள், பிரஷ் பவளத்தின் தசையில் படக்கூடாது.

நுனி மட்டும் வெள்ளையா? புது வளர்ச்சி, சந்தோஷப்படுங்கள். முழுவதும் வெளுத்தால்தான் கவலை. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே வெளுத்துவிடும். அந்தச் சமயத்தில் நடவே வேண்டாம்.

கிளி மீனைப் பிடிக்காமல் விடும்படி மீனவர்களிடம் பேசிப் பாருங்கள். பாசி மேய்வதில் அதற்கு ஈடாக எங்கள் குழுவில் ஆளில்லை.