காலிங் பெல் அடிக்கவில்லையா? முதலில் சுவிட்சைக் கழற்றிப் பாருங்கள்

திருவொற்றியூரில் கடற்கரையிலிருந்து மூன்றாவது தெருவில் குடியிருக்கிறோம். இரும்புக் கேட்டையே அரித்துத் தின்னும் காற்று, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெல் சுவிட்சை மட்டும் விட்டுவைக்குமா? போன வாரம் சிலிண்டர் கொண்டுவந்தவர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அப்புறம்தான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

பெரும்பாலான வீடுகளில் காலிங் பெல்லுக்கு 230 வோல்ட் நேராகவே வருகிறது. சின்ன பெல்தானே என்று அலட்சியம் வேண்டாம். போர்டிலிருந்து பேஸ், அதாவது கரண்ட் கொண்டுவரும் ஒயர், சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து பெல்லுக்கு வரும். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், நேரே பெல்லுக்கு வந்துவிடும். இவ்வளவுதான் ஒயரிங்.

முதலில் போர்டில் கரண்ட்டை நிறுத்தும் எம்சிபி சுவிட்சை இறக்குங்கள். அதற்கு முன்பே, கரண்ட் உள்ள ஒரு பிளக்கில் டெஸ்டரை (கரண்ட் இருந்தால் உள்ளே விளக்கு எரியும் ஸ்குரூ டிரைவர்) வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எங்கே வைத்தாலும் எரியாது. அதை நம்பிக் கை வைத்தால் ஆபத்து.

இப்போது சுவிட்சைக் கழற்றி, ஒயர்களில் டெஸ்டர் எரியவில்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். என் சுவிட்சுக்குள் பித்தளைத் தகடு முழுக்கப் பச்சைப் பூப்பு, மூலையில் எறும்புக் கூடு வேறு. உப்புத்தாளால் தகட்டைத் தேய்த்து, துணியால் துடைத்து, கறுத்துப்போன ஒயர் நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்கினேன். தகடு விறைப்பு இழந்திருந்தால் தேய்த்துப் பயனில்லை, சுவிட்சையே மாற்றுங்கள்.

அழுத்தும்போது 'டிங்', விட்டதும் 'டாங்': இதுதான் சரியான சத்தம். விட்ட பிறகும் 'ர்ர்ர்' என்று உறுமினால் சுவிட்ச் உள்ளேயே சிக்கியிருக்கிறது. உடனே எம்சிபியை இறக்குங்கள், இல்லையென்றால் பெல்லுக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) கருகிவிடும்.

எல்லாம் செய்தும் பெல் அடிக்கவில்லையா? பெல் மூடியைக் கழற்றிவிட்டு எம்சிபியைப் போடுங்கள். காலில் செருப்பு இருக்கட்டும், கை ஈரமில்லாமல் இருக்கட்டும். ஒருவரைச் சுவிட்சை அழுத்தச் சொல்லிவிட்டு, பெல்லின் இரண்டு முனையிலும் டெஸ்டரை மாற்றி மாற்றி வையுங்கள். ஒன்றில் மட்டும் எரிந்தால் கரண்ட் ஒழுங்காக வருகிறது. காயில் போயிருக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் கம்பி தூசியில் மாட்டியிருக்கலாம். இரண்டிலும் எரியவில்லை என்றால் பேஸ் வந்து சேரவில்லை. அழுத்தும்போது இரண்டிலுமே எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது: பேஸ் காயில் வழியாக மறுபக்கம் வந்து நிற்கிறது. இதைப் பார்த்துப் பலர் குழம்பி, நல்ல பெல்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

யாரும் அழுத்தாமலே எரிகிறதா? எவரோ சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார். அதையும், பைப்புக்குள் அறுந்த ஒயரையும் எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள்.

மழைக்காலம் வருமுன் தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, சுவிட்சுக்கு மேலே கூரை மாதிரி மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “என்ன தம்பி, சுவிட்சுக்குக் குடையா?” என்றார். மறுநாள் அவர் வீட்டு கேட்டிலும் ஒரு பாட்டில் தொங்கியது.