உயரத்தைக் கொண்டு ஆரோக்கியமான எடையைக் கணக்கிடும் முறை

"என் உயரத்துக்கு எத்தனை கிலோ இருக்க வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணை விடையாகச் சொல்ல முடியாது. இந்த எடையிலிருந்து அந்த எடை வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பைத்தான் சொல்ல முடியும். அந்த வரம்பை ஒரு சுவரும் இஞ்ச் டேப்பும் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் உயரத்தைச் சரியாக அளக்க வேண்டும். அடையாள அட்டையில் எப்போதோ எழுதிய உயரத்தை நம்ப வேண்டாம். செருப்பைக் கழற்றி, கொண்டை போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டு, குதிகால்களும் முதுகும் சுவரில் படும்படி நின்று, நேராகப் பாருங்கள். இன்னொருவர் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு ஒட்டித் தலைமேல் மட்டமாக வைத்து, அதன் அடிவிளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போடட்டும். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள அளவே உங்கள் உயரம்.

அடுத்து, அதை மீட்டருக்கு மாற்றுங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான்: 5 அடி 4 அங்குலம் என்பது 5.4 அடி அல்ல. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் அது 64 அங்குலம், 2.54-ஆல் பெருக்கினால் 162.6 சென்டிமீட்டர், அதாவது 1.626 மீட்டர். 5.4 அடி என்று கணக்கிட்டால் இரண்டு சென்டிமீட்டர் கூடிவிடும். எடையின் மேல் வரம்பும் ஒன்றரைக் கிலோ வரை தவறாக உயரும்.

இப்போது மீட்டர் அளவை அதே எண்ணால் பெருக்குங்கள்: 1.626 × 1.626 = 2.64. இதை 18.5-ஆல் பெருக்கினால் கீழ் வரம்பு ஏறத்தாழ 49 கிலோ; 23-ஆல் பெருக்கினால் மேல் வரம்பு 60.7 கிலோ. கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் விகிதமே இக்கணக்கின் அடிப்படை; 18.5-உம் 23-உம் அந்த விகிதத்தின் கீழ், மேல் எல்லைகள். அதைப் பெல்ஜிய அறிஞர் அடால்ஃப் கெட்லே 19-ஆம் நூற்றாண்டில் கண்டார். 1972-இல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் அதற்குப் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியீட்டெண்) என்ற பெயரைத் தந்தார்.

உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோலில் மேல் எல்லை 25 என்றிருக்க, இங்கே ஏன் 23 என்று கேட்கலாம். அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிடத் தெற்காசியர் உடலில் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுப் பகுதியில், அதிகம். சர்க்கரை நோயும் குறைந்த எடையிலேயே வந்துவிடுகிறது. ஆகவேதான் இந்திய மருத்துவர்கள் 23-ஐத் தொட்டாலே அதிக எடை என்கிறார்கள். சென்டிமீட்டர் உயரத்தில் 100-ஐக் கழிக்கும் பழைய வழியை நான் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம்: நம் எடுத்துக்காட்டில் அது 62.6 கிலோ என்று காட்டி, மேல் வரம்பையே தாண்டிவிடுகிறது.

குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக உண்டு. கர்ப்பிணிகளுக்கும், கால் வீக்கம் உள்ளவர்களுக்கும், தசை திரண்ட விளையாட்டு வீரர்களுக்கும் இக்கணக்கு பொருந்தாது.

கடைசியாக இடுப்புச் சுற்றளவையும் பார்த்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டதும் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை வரம்புக்குள் இருந்தும் இந்த அளவு தாண்டியிருந்தால், எடை சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாமல், மருத்துவரைப் பார்த்து இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.