பெட்ரோல் பம்ப்பை மாற்றும் முன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்

பழைய காரின் பெட்ரோல் பம்ப் தேய்ந்துவிட்டதென்று முடிவு செய்து புதியது வாங்குவதற்கு முன், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்ப்புக்குச் செல்லும் இணைப்பில் மல்டிமீட்டரை வைத்து மின்னழுத்தத்தை அளந்து, அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் கிடைக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு 1 வோல்ட்டைத் தாண்டினால், முதலில் ரிலேயையும் (பம்ப்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒயரையும், குறிப்பாகத் துருப்பிடித்த எர்த் இணைப்பையும் (வண்டியின் உடலோடு சேரும் ஒயர் முனை) சரிசெய்ய வேண்டும்.

பம்ப்பிலுள்ள மோட்டாரின் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது என்பதால், அது குறையும்போது நல்ல பம்ப்பும் தேய்ந்த பம்ப்பைப் போலவே பெட்ரோலுக்குப் போதிய அழுத்தம் தராது. புதிய பம்ப்பைப் பொருத்தினாலும் அதே குறை தொடரும். பம்ப்பின் ஒயர் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பது பலரும் செய்யும் தவறு: மின்னோட்டம் இல்லாதபோது மோசமான இணைப்பும் முழு மின்னழுத்தத்தையே காட்டும்.

இன்ஜினின் கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்புரேட்டர் வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. பம்ப்பின் வேகத்தைக் கட்டுப்பாட்டுக் கருவியே கூட்டிக் குறைக்கும் கார்களிலும் இந்த ஒப்பீடு பயன்படாது. பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால், சிறு தீப்பொறியும் ஆபத்தானது என்பதால், சோதனையைத் தொடங்கவே வேண்டாம்.