தேடலில் காணாமல் போன என் ப்ரொஃபைல்

நான் டிசைன் வேலை எடுக்கும் ஃப்ரீலான்ஸ் தளத்தில் 2 மாதமாக எந்த கிளையன்டிடமிருந்தும் வேலைக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை, தளம்தான் என்னை ஒதுக்குகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தேன். சரி, பார்ப்போம் என்று லாக்அவுட் செய்துவிட்டு கிளையன்ட் மாதிரி நானே தேடினேன். எத்தனை பக்கம் தள்ளியும் நான் இல்லை. தலைப்பில் 'கிரியேட்டிவ் டிசைனர்' என்று வைத்திருந்தேன், அப்படி யார் தேடுவார்கள்? 'மெனு கார்டு டிசைன்' என்று மாற்றினேன். அப்புறம் பார்த்தால், எப்போதோ ஒரு பெரிய வேலை நடந்தபோது 'இப்போது நேரமில்லை' என்று போட்டது அப்படியே கிடக்கிறது! (இதை வெளியே சொல்லவே கூச்சம்.) வேலை கேட்டு நாம் அனுப்பும் ப்ரொபோசல்களின் பட்டியலில் கிளையன்ட் கண்ணில் முதலில் படுவது ஆரம்ப வரிகள்தான், அதை நான் 'வணக்கம், எனக்கு 6 வருட அனுபவம்' என்று வீணடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அவருடைய மெனுவில் எங்கே விலை கண்ணில் படவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 10ஆம் நாள் ஒரு அழைப்பு வந்தது, சின்ன வேலைதான்.