8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு மர்மக் கதை, சாகசக் கதை எடுப்பது எப்படி?

அட்டைப்படத்தை விடுங்கள். புத்தகத்தின் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையைச் சத்தம்போட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மூன்று மடங்கினால் சரியான அளவு.

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளைகள் பலர் தமிழை மளமளவென்று பேசுவார்கள், வாசிக்கும்போது எழுத்துக்கூட்டுவார்கள். அவர்களுக்கு வயதை மட்டும் பார்த்து வாங்கினால் தப்பாகிவிடும். பதினோரு வயதிலும் 60 பக்கக் கதையில் தொடங்கலாம். எழுத்து பெரிதாகவும் அத்தியாயம் ஐந்தாறு பக்கத்தில் முடிவதாகவும் இருந்தால் நல்லது. பழகியபின் 120, 150 பக்கம் போகலாம்.

மர்மக் கதையில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது நேர்மை. கடைசி அத்தியாயத்தை முதலில் நீங்கள் வாசித்துவிடுங்கள், பிள்ளையிடம் மூச்சுவிட வேண்டாம். எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று அங்கே சொல்லியிருக்கும் துப்புகளில் இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு முன்பக்கங்களில் தேடுங்கள். ஈரச் செருப்புதான் துப்பு என்றால், அந்தச் செருப்பு முன்பே வாசலில் கிடந்திருக்க வேண்டும். குற்றவாளியும் முதல் பாதியிலேயே ஒருமுறை வந்துபோயிருக்க வேண்டும். கடைசியில் திடீரென்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால், கூடவே யோசித்துக்கொண்டு வந்த பிள்ளைக்கு ஏமாற்றமாகிவிடும். சந்தேகப்பட மூன்று நான்கு பேர் போதும். ஏழெட்டுப் பேர் வந்தால் பெயர் குழம்பி மூடி வைத்துவிடுவார்கள்.

கதை எடுத்த எடுப்பில் யாரைச் சந்தேகிக்கிறது என்பதையும் பாருங்கள். கறுப்பாக இருப்பவர், லுங்கி கட்டியவர், குப்பத்தில் இருப்பவர் என்றாலே திருடன் என்று எழுதிய கதைகள் நிறைய உண்டு. புளியந்தோப்பிலோ காசிமேட்டிலோ இருக்கிற பிள்ளை வாசிக்கும்போது அந்தத் திருடனுக்குத் தன் மாமாவின் முகம் வந்துவிடும். எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.

சாகசக் கதையில் இடமும் தொழிலும் உண்மையாக இருக்க வேண்டும். நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் விசைப்படகு மீன்பிடிக்கக் கிளம்புவதாகக் கதை சொன்னால் காசிமேட்டுப் பிள்ளை அங்கேயே பிடித்துவிடும், அப்புறம் எதையும் நம்பாது.

எட்டு ஒன்பது வயதுக்குத் தொலைந்த பொருள், புதையல், பூட்டிய வீடு போதும். ஆள் கடத்தல் பதினொன்றுக்கு மேல். பெட்டிக்கடையில் தொங்குகிற மாத நாவல்கள் துப்பறியும் கதைகளாகவே இருந்தாலும் பெரியவர்களுக்கானவை.

பழைய புத்தகக் கடையில் வாங்கினால் பக்க எண்களைக் கட்டாயம் பாருங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக, அதாவது ஒரே தாளில் அச்சடித்து மடித்த கட்டுகளாக, அச்சாகிறது. ஒரு ஃபாரம் விட்டுப்போனால் 16 பக்கமும் சேர்ந்தே போகும்; சில பிரதிகளில் ஒரே ஃபாரம் இரண்டு முறை தைத்திருக்கும். கடைசி ஃபாரம் இல்லாத மர்மக் கதையால் என்ன பயன்? அதனால் 16-17, 32-33, 48-49 என்று ஃபாரம் மாறுகிற இடங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வரிசையாக வரும் கதைகளில் ஒன்றை மட்டும் முதலில் வாங்குங்கள். கிளை நூலகத்தில் இருந்தால் வாங்கவே வேண்டாம். மூன்று புத்தகத்தை நீங்கள் பொறுக்கிக் கொடுங்கள், அதில் ஒன்றைப் பிள்ளை எடுக்கட்டும்.

கதை முக்கால்வாசி முடிந்ததும், குற்றவாளி யார், ஏன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கடைசிப் பக்கத்தில் செருகச் சொல்லுங்கள். பெயர் தப்பினாலும் காரணம் கதைக்குள்ளிருந்து வந்திருந்தால், அடுத்ததாக 20, 30 பக்கம் கூடுதலான புத்தகம் எடுக்கலாம். காரணம் எழுத வரவில்லை என்றால் அடுத்ததும் இதே அளவில் இருக்கட்டும்.